சோறு ஆறின புத்தகம்

பிலோமி முதலில் மோந்துதான் பார்ப்பாள். அட்டைப்படத்தையோ பின்னட்டைப் புகழ்ச்சியையோ ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள். புத்தகத்தை நடுவில் பிளந்து, மூக்கை நுழைத்து, ஒரே இழுப்பு. பூஞ்சை வாடை இல்லையென்றால் ஜன்னலோரம் கொண்டுபோய்த் தாள்களை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கறை தேடுவாள். எண்ணெய்க் கறை, டீக் கறை, மஞ்சள் கறை. முன் பக்கங்களோடு கறை நின்றுபோயிருந்தால் உதட்டைப் பிதுக்கிக் கீழே வைத்துவிடுவாள். கடைசிவரை இருந்தால் முகம் மலர்ந்துவிடும். "இது சோறு ஆறுன புத்தகம். கையில உருட்டுன உருண்டைய வாயில போட மறந்து படிச்சிருக்கான் மனுசன்" என்பாள்.

கம்பம்மெட்டுக்கு இந்தப் பக்கம், கேரளத்து ஏலத்தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது பிலோமி வேலை பார்க்கும் ஹோம்ஸ்டே. முதலாளி எறணாகுளத்தில் இருக்கிறார். ஓணத்துக்கும் கிறிஸ்துமசுக்கும் தலையைக் காட்டுவார். மற்ற நாளெல்லாம் பிலோமி வைத்ததுதான் சட்டம். அறை கூட்டுவது, கப்பைக்கிழங்கு அவிப்பது, அட்டை கடித்த காலுக்கு உப்பு வைப்பது எல்லாம் அவள் வேலை. கூடத்து அலமாரியைக் கவனிக்கச் சொல்லி யாரும் அவளுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. வந்தவர்கள் படித்துவிட்டுப் போட்டுவிட்டுப் போன புத்தகங்கள், முக்கால்வாசி இங்கிலீஷ். பிலோமிக்குத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு, மலையாளம் பஸ் போர்டு மட்டும், இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான். ஆனாலும் அலமாரியில் இருக்கும் அத்தனை கதையும் அவளுக்கு அத்துபடி. எப்படியென்றால், படித்தவர்கள் கதையைச் சொல்லாமல் அங்கிருந்து கிளம்ப முடியாது.

"சாவியக் குடுங்க, கதையச் சொல்லுங்க, பெறகு வண்டி ஏறுங்க" என்று பையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கேட்டு முடித்ததும் ஒரே ஒரு கேள்வி: "படிக்கையில சோறு ஆறுச்சா?" பெங்களூரிலிருந்து வந்த ஒருவர், தான் படித்த புத்தகம் எவ்வளவு ஆழமானது என்று கால்மணி நேரம் விளக்கினார். பிலோமி பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தன் கேள்வியைப் போட்டாள். அவர் கொஞ்சம் யோசித்து, இல்லை, சூடாகத்தான் சாப்பிட்டேன் என்று ஒத்துக்கொண்டார். புத்தகம் அடித்தட்டுக்குப் போனது.

இந்த வித்தையெல்லாம் முழுசாகக் களமிறங்குவது வருஷத்துக்கு ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன்னும் பின்னுமாக வரும் யூதர்களின் கூடாரப் பண்டிகையின்போது. ஏலியாஸும் சிம்ஹாவும் வருவார்கள். கொச்சியில் பிறந்து, சின்ன வயதிலேயே லண்டனுக்குக் குடிபோன யூதத் தம்பதி. பண்டிகை நாளில் அவர்கள் போனைத் தொட மாட்டார்கள், டி.வி. கிடையாது, பேனா பிடிக்க மாட்டார்கள், லைட் சுவிட்சைக்கூடப் போட மாட்டார்கள். வெள்ளிக்கிழமையை ஒட்டிப் பண்டிகை வந்தால் ஓய்வுநாளும் சேர்ந்து மூன்று நாள் அப்படியே ஓடும். ஆக, பொழுது சாய்வதற்கு முன் கையில் எடுத்த புத்தகம்தான் துணை. தப்பான புத்தகம் அமைந்துவிட்டால் தப்பான ஆளோடு ரயிலில் மாட்டிக்கொண்ட மாதிரி.

முதல் வருஷம் பிலோமியின் புருஷன் பவுல்ராஜ், அவர்கள் முன்கூட்டியே போட்டுவைத்திருந்த லைட்டெல்லாம் ஆளில்லாமல் எரிகிறதே என்று எஸ்டேட் பழக்கத்தில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டார். பாவம், போடச் சொல்லிக் கேட்கவும் கூடாது என்று இரண்டு பேரும் ராத்திரி முழுக்க இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் விஷயம் தெரிந்து பிலோமி புருஷனை உலுக்கி எடுத்துவிட்டாள். அன்றிலிருந்து பண்டிகைக்கு முன்பே சுவிட்சின்மேல் பிளாஸ்டர் ஒட்டிவிடுவாள். முற்றத்தில் கூடாரம் போடுவதும் அவர்கள் பொறுப்புதான்: சுற்றிலும் தார்ப்பாய், மேலே ஏலத்தட்டைக் கூரை, வானம் தெரிகிற மாதிரி இடைவெளி விட்டு. "பைபிள்ல வாசிச்ச பண்டிகைக்கு நம்ம கையால பந்தல் போடுறோம், சும்மாவா?" என்பாள். அந்தப் பெருமை அவளுக்கு உண்டு, அது நியாயமான பெருமையும்கூட.

ஏலியாஸ் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு, கண்ணாடியைக் காணோம் என்று கூடாரமெங்கும் தேடுகிற ஆள். போன வருஷம் பிலோமி அவருக்கு எடுத்துக் கொடுத்தது ஒரு கல்யாணக் கதை. ரயிலில் தூங்கிப்போய் வேறு ஊரில் இறங்கிய ஒருவரை, அங்கே நடந்த கல்யாணத்தில் பெண்ணின் பெரியப்பா என்று நினைத்து முதல் வரிசையில் உட்காரவைத்துவிடுகிறார்கள். சாப்பாடு நன்றாக இருக்கிறதே என்று அவரும் மறுத்துப் பேசவில்லை. ஏலியாஸ் படித்துப் படித்துத் தனியே சிரித்தார். சிம்ஹா என்ன என்று கேட்டால், "நீ அடுத்த வருஷம் படி" என்று மூடிக்கொண்டார். ஊருக்குக் கிளம்பும்போது பிலோமியிடம் மட்டும் முடிவுவரை நடித்தே காட்டினார். அந்தப் புத்தகத்தில் சிம்ஹா வைத்த முட்டைக்கறியின் கறை நிறைய இருந்தது.

இந்த வருஷம் சிம்ஹா தனியாக வந்தார். மாசியில் ஏலியாஸ் போய்விட்டார்.

சிம்ஹா பேசுவது பழைய கொச்சி மலையாளம், பிலோமி பேசுவது கம்பம் பக்கத்துத் தமிழ். இடையில் யாரும் தேவைப்பட்டதில்லை. பெட்டியை இறக்கிய கையோடு சிம்ஹா சொன்னார்: "பிலோமி, எனிக்குச் சிரிக்கணும். கதையில ஆரும் மரிக்கண்டா."

"யாரும் சாக மாட்டாக ஆன்ட்டி. நான் பாத்துக்கிறேன்" என்றாள் பிலோமி. சொல்லிவிட்டு அலமாரி முன்னால் போய் நின்றாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்த அம்மாள் தனியாகக் கடக்கப்போகும் முதல் கூடாரப் பண்டிகை. இந்த வருஷம் ஓய்வுநாளும் சேர்ந்துகொண்டதால் லண்டனில் இருக்கிற மகளிடம்கூட மூன்று நாளைக்குப் பேச முடியாது. அலமாரியில் சிரிக்கவைக்கிற புத்தகம் என்று பார்த்தால் முதலில் நிற்பது அந்தக் கல்யாணக் கதைதான். அவர் படித்ததைக் கொடுத்தால் ஆறுதலா, ரணத்தைக் கீறிவிடுவதா? மாதாவை ஒருமுறை கும்பிட்டுவிட்டு அதையே எடுத்தாள். இது அவர் படித்தது என்று மட்டும் சொல்லவில்லை.

அதற்கு முன்னால் அவள் வேறொரு காரியமும் செய்திருந்தாள். இந்த மழையில் புத்தகங்களெல்லாம் அப்பளம் மாதிரி நமத்துப்போயிருந்தன. ஏலக்காய் உலர்த்துகிற கூடத்தை அங்கே ஸ்டோர் என்பார்கள். அங்கே வேலை பார்ப்பது பவுல்ராஜ். காய் இறக்கியபின் மிச்சச் சூட்டில் கம்பிவலைத் தட்டில் புத்தகங்களை அடுக்கி எடுப்பது பிலோமியின் வழக்கம். மொறுமொறுவென்று ஆகி, ஏலக்காய் மணத்தோடு வெளியே வரும். இந்தமுறை ஆன்ட்டி வருகிறாரே என்ற அவசரத்தில் சூடு தணிவதற்கு முன்பே வைத்துவிட்டாள். பசை இளகி, இரண்டு புத்தகங்களின் கடைசிப் பகுதி கழன்று விழுந்தது. அவள் பக்க எண்ணைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்து, மைதாப் பசை போட்டு ஒட்டி, மேலே பழுப்புத்தாள் அட்டையும் போட்டாள். எண்ணெல்லாம் வரிசையாகத்தான் வந்தது.

இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை மத்தியானம், சிம்ஹா புத்தகத்தோடு அடுப்படிக்கு வந்தார். முகத்தில் குழப்பம். மாட்டிக்கொண்ட பெரியப்பா கல்யாண விருந்தில் வாழ்த்திப் பேச எழுந்திருக்கிறார், வாசல் கதவு தட்டப்படுகிறது, உண்மையான பெரியப்பா வந்துவிட்டார் போல. பக்கத்தைத் திருப்பினால் நடுக்கடலில் கப்பல். கேப்டன் ஒருவன் நங்கூரத்தை இழுக்கச் சொல்லிக் கத்துகிறான். இதுவும் ஏதோ வேடிக்கை என்று சிம்ஹா நாலைந்து பக்கம் நம்பிப் படித்திருக்கிறார்.

பிலோமி தலையில் கைவைத்தாள். ஒட்டும்போது இரண்டு புத்தகத்தின் வாலும் மாறிப்போயிருந்தது. கப்பல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஒரு ஜோடி நேற்றுதான் மூணாறுக்குப் போயிருந்தது. அவர்களைச் சனிக்கிழமை சாயந்தரம் திருப்பிக் கூட்டி வரவேண்டிய டிரைவர் சிஜுவுக்குப் போன் போட்டாள்.

"அவங்ககிட்ட போட்டோ எடுத்து வாட்ஸ்அப்புல அனுப்பச் சொல்லட்டா சேச்சி?"

"அனுப்பி? அந்தம்மா போனத் தொடாதுடா. புத்தகத்தப் பத்திரமா வாங்கி வச்சுக்க."

இனி என்ன செய்வது? கதவைத் தட்டிய ஆளை இன்னும் ஒரு நாளுக்கு மேல் வாசலிலேயே நிறுத்திவைக்க பிலோமிக்கு மனசு வரவில்லை. சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடாரத்துக்குள் வந்து உட்கார்ந்தாள். "நான் சொல்றேன் ஆன்ட்டி. எனக்கு முடிவு தெரியும்."

சொன்னாள். அவள் சொன்னால் கேக் இருந்த இடத்தில் பிரியாணி வந்துவிடும். அதனால் கதைக்கு ஒரு கெடுதலும் இல்லை. "கதவத் தொறந்தா ஒரு ஆளு. இவரு நடுங்கிப் போயிட்டாரு, ஒரிசினல் பெரியப்பா வந்துட்டாருண்டு. வந்தவன் இவரப் பாத்து அதுக்கு மேல நடுங்குறான். ஏன்னா அவனும் ரயில்ல தூங்கி எறங்குன பயதான்! ரெண்டு பேரும் அடுத்தவந்தான் ஒரிசினலுண்டு நெனச்சு, அண்ணே, தம்பிண்டு கட்டிப்பிடிச்சு அழுகுறாக. கல்யாணக் கூட்டமே சேந்து அழுகுது. காலைல பாத்தா ரெண்டு பேரும் ஒரே ஸ்டேசன்ல, ஒரே பெஞ்சுல, ஆளுக்கொரு தாம்பூலப் பையோட!"

சிம்ஹா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கேட்டார்: "இது உன்னோடு ஆரு பறஞ்ஞு?"

பிலோமிக்குப் பொய் வராது. "அங்கிள்தான் ஆன்ட்டி. போன வருசம் அவரு படிச்ச புத்தகம் இது."

சிம்ஹா எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மழை பிடித்துக்கொண்டது, ஏலத்தட்டை வழியே நாற்காலிமேல் சொட்டியது. யாரும் சாக மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு, செத்தவரையே கூட்டிக்கொண்டு வந்து உட்காரவைத்துவிட்டோமே என்று பிலோமி தன்னையே திட்டிக்கொண்டாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. பவுல்ராஜ், "விடு புள்ள, நல்லதுக்குத்தான செஞ்ச" என்று சொல்லிப் பார்த்தார். மறுநாள் முழுக்கச் சிம்ஹா அறையை விட்டு அதிகம் வெளியே வரவில்லை.

சனிக்கிழமை சாயந்தரம் சிஜு கப்பல் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். பிலோமி கடைசிப் பகுதியைப் பிரித்து எடுத்து, எழுத்துக் கூட்டி அதன் முதல் பக்கத்தைப் பார்த்தாள். கதவுக்கு வெளியே ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். அங்கிள் சொன்ன கதையில் போலீசே கிடையாது. ஒளித்துவைத்துவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் ஒருவர் படித்துக்கொண்டிருந்த கதையின் முடிவை ஒளித்துவைக்கிற ஜாதி இல்லை அவள்.

இருட்டி, ஓய்வுநாள் முடிகிற நேரமும் தாண்டியபின் கூடாரத்துக்குப் போனாள். சிம்ஹா அங்கே வந்து உட்கார்ந்திருந்தார். போன் இன்னும் அணைந்தபடியே மேஜையில் கிடந்தது.

"ஆன்ட்டி, கடைசிப் பக்கம் கெடச்சிருச்சு. ஆனா அங்கிள் சொன்னது வேற, இதுல வேற போட்ருக்கு."

சிம்ஹா தாள்களை வாங்கினார். போலீஸ்காரரைப் பார்த்தார். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது. ஏலியாஸ் ஆயுசில் ஒரு புத்தகத்தையும் முடித்ததில்லையாம். முக்கால்வாசியில் தூங்கிவிடுவாராம். மிச்சத்தைத் தானே கட்டிவிடுவாராம். பிள்ளைகளுக்கு அவர் சொன்ன கதை ஒன்றுகூடப் புத்தகத்தில் உள்ளபடி முடிந்ததில்லையாம். "இது எனிக்கு வேண்டா" என்று தாள்களை மடித்துப் பிலோமியின் கையில் வைத்தார். பிறகு பக்கத்து நாற்காலியில் தேங்கியிருந்த மழைத்தண்ணீரைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, அதைத் தட்டிக் காட்டினார். "ஆ கதய ஒரு தரம் கூடிப் பறயு, பிலோமி. அவரு பறஞ்ஞ போலே."

பிலோமி உட்கார்ந்தாள். அவள் கண்ணாடி போடுகிறவள் இல்லை. இல்லாத கண்ணாடியை இரண்டு விரலால் நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டாள். பிறகு, கண்ணாடியைக் காணோமே என்று மேஜைமேல் தேட ஆரம்பித்தாள்.