மோட்டார் கொட்டகை வரை போன பஸ்

பஸ் கிளம்பும். உப்பளத்து மண் சாலையில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் கொட்டகை வரை போகும். மைக்கில் "கட்" என்று குரல் வந்ததும், பின்பக்கமாகவே ஊர்ந்து புறப்பட்ட இடத்துக்கு வந்து நிற்கும். சுனாமிக்கு அடுத்த ஆண்டு, ஒரு நாள் முழுக்க இப்படிப் போய்த் திரும்பிய அந்தப் பஸ்ஸை நினைத்தால், உப்பின் வெளிச்சத்தில் கண் கூசியதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

சினிமா எடுக்க வந்திருந்தார்கள். அலையில் குடும்பத்தை இழந்த ஒரு பெண், வேறு ஊருக்குப் போய்ப் புதிதாக வாழத் தொடங்குகிற கதை. கடைசிக் காட்சியில் அவள் பஸ் ஏறிப் போகவேண்டும். கூட உட்காரும் பயணிகளாக உப்பளத்து ஆட்களான எங்களை ஏற்றினார்கள். ஆளுக்கொரு பை கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். என் பையில் வைக்கோல் அடைத்திருந்தேன். அண்ணியின் பையை வாங்கிப் படியில் ஏற்றியபோது கனத்தது.  அண்ணி அதை மடியில் வைத்துக்கொண்டார்.

அண்ணன், அலை வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் வாங்கக் கடற்கரைக்குப் போனவர், திரும்பவில்லை. "மீன் வேணும்னு அனுப்பினவ இவதான்" என்று அம்மா வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அண்ணி மறுத்துப் பேசியதே இல்லை. கீழ்புத்துப்பட்டிலிருந்து அவருடைய அக்கா அழைத்துப்போக வந்தபோது, "ஊரு இன்னா பேசும்?" என்று திருப்பி அனுப்பிவிட்டாள் அம்மா. அதன் பிறகு தண்ணீர்க் குழாய்க்குக்கூட அண்ணியைத் தனியாக விடவில்லை. தை பிறந்ததும் எனக்கே கட்டிவைப்பது என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். அண்ணியையும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. எனக்கு நாலு பேர் முன்னால் பேச வாய் வராது. அந்தத் தகரக் கூரை வீட்டில் நானும் அண்ணியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சோறு வாங்குவதும் போடுவதுமாக இருந்தோம்.

டைரக்டருக்கு எதுவும் பிடிக்கவில்லை. "துக்கமும் தெரியணும், நம்பிக்கையும் தெரியணும்" என்று கதாநாயகியிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் கண்ணில் மருந்து விட்டு அழுதாள், சிரித்தாள், மறுபடியும் அழுதாள். பின்னால் இருந்த பெண்களுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாம்மா இது, ரிவர்ஸ்லயே திண்டிவனம் போயிடுவான் போலக்குதே!"

"டிரைவரண்ணே, கொட்டாயாண்ட ஒரு ஸ்டாப்பிங் போட்டுடுங்க. எறங்கி வேலையப் பாக்கறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி மட்டும், பஸ் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்தார். பின்னால் நகரத் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டார்.

வெயில் சாய்ந்த பிறகுதான் டைரக்டர் கை தட்டினார். இறங்கச் சொன்னார்கள். எல்லோரும் இறங்கினோம். அண்ணி இறங்கவில்லை.

"ஏம்மா, எறங்கலியா? வண்டி பாண்டிக்குப் போவுது" என்றார் டிரைவர்.

"தெரியும்ண்ணே. கீழ்புத்துப்பட்டுல எறக்கி வுட்டுடுங்க."

உப்புக் குவியலின் நிழலில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து ஓடிவந்தாள். "அடியே, எறங்குடி!" என்று ஜன்னலைத் தட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "டேய், நிக்கிறான் பாரு மரம் மாதிரி! ஏறி கையப் புடிச்சி எறக்குடா. தாலி கட்டப்போறவன் நீதான?"

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. படியேறினேன்.  அண்ணி என்னை நேராகப் பார்த்தார். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான்.

"தம்பி, உன் சாப்பாட்டுப் பொட்டலம் சீட்லயே கெடக்குது பாரு. எடுத்துக்கோ" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

பொட்டலத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன். "போலாம்ண்ணே" என்று டிரைவரிடம் சொன்னது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். பஸ் கொட்டகையைத் தாண்டி ரோட்டில் ஏறியது. அம்மா மண்ணை வாரித் தூற்றினாள். பிறகு என்னோடு வெகுநாள் பேசவில்லை.

அண்ணி ஆரோவில் பக்கம் தையல் வேலைக்குப் போய், இப்போது சொந்தமாக மிஷின் வைத்திருக்கிறார். மீன் மட்டும் இன்றுவரை வாங்குவதில்லை. போன மாதம் பார்க்கப் போனபோது, "அம்மாவும் போயிட்டாங்க. இன்னும் அந்த உப்புலயே கெடக்கிறியே தம்பி. நீயும் எங்கனா போயிருக்கலாம்" என்றார். நான் சிரித்து வைத்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. என்னையும் அன்று அந்தப் பஸ்ஸில்தான் உட்கார வைத்திருந்தார்கள். இறங்கச் சொன்னார்கள், இறங்கிவிட்டேன்.