படம் முடிந்த பின் வரும் பெயர்

மரியசெல்வம். வாசகர்களே, இந்தப் பெயரை முதலில் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினேன் என்பதற்கு நீங்களே சாட்சி. என் சித்தப்பாவின் பெயர் அது. அதைச் சொல்லும்போதெல்லாம், பஹ்ரைன் திரையரங்கு ஒன்றின் ஈரக் கம்பளமும் வெண்ணெய்ச் சோளப்பொரியும் கலந்த குளிர்ந்த வாடை என் நாசியில் ஏறுகிறது.

சவூதியின் ஜுபைலில் அப்பா ஆலைத் தொழிலாளியாக இருந்த இரண்டாயிரங்களில், அந்நாட்டில் திரையரங்குகள் இல்லை. குமரிக் கடற்கரையிலிருந்து பம்பாய்க்குப் போன சித்தப்பாவோ இந்தி இயக்குநர் ஒருவரிடம் உதவியாளர். மூன்றே படங்களில் வடநாட்டைத் தன் பக்கம் திருப்பிய அந்த மனிதரின் வெற்றிகளையெல்லாம் நாங்கள் ‘ரூமில்’ திருட்டு ‘சிடி’யில்தான் பார்த்தோம். கதை முடிந்ததும் நறுக்கிவிடுவார்கள். இறுதியில் ஓடும் பெயர்களை ஒருமுறையும் கண்டதில்லை. “பேரு பொறவு வரும் மக்கா,” என்பார் அப்பா, இருண்ட திரையைப் பார்த்தபடி.

பிறகு இயக்குநர் தாமே தயாரிப்பாளராகி, குடியிருந்த வீட்டை அடகு வைத்து நான்காவது படத்தைத் தொடங்கினார். படப்பிடிப்பின் நடுவே சித்தப்பா மஞ்சள்காமாலையில் இறந்துபோனார். அப்பாவுக்கு ‘லீவு’ கிடைக்கவில்லை. தொலைபேசியில் அழைத்த இயக்குநர், படத்தின் முடிவில் மரியசெல்வத்தின் பெயரை மட்டும் திரை நிறையக் காட்டுவதாக அழுதுகொண்டே வாக்களித்தார். தம்பியின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கொடுத்துவைக்காத அப்பாவுக்கு எஞ்சியது அந்த வாக்கு ஒன்றுதான்.

படம் படுதோல்வி. மறுநாளே எடுத்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்டு, வெள்ளிக்கிழமை மதியக் காட்சிக்குக் கடற்பாலம் கடந்து பஹ்ரைனுக்கு விரைந்தோம். ஒரு காட்சியும் அப்பாவின் மனத்தில் ஏறவில்லை. அவர் முடிவுக்காகவே காத்திருந்தார். ஆனால் முடிவு வருமுன்பே, திரும்பும்போது பாலத்தில் நெரிசலாகும் என்று அஞ்சி அரங்கமே எழுந்து ஓடியது. அது அங்கே வாடிக்கை. நாயகன் திரும்பி நடந்த கணத்தில் விளக்குகள் எரிந்தன, திரை வெளுத்தது. கூட்டிப் பெருக்க வந்தவரிடம், தம்பியின் பெயர் வரவேண்டும், ஒரு நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள் என்று அப்பா உடைந்த இந்தியில் கெஞ்சினார். அந்த மனிதர் மேலே போய்க் கேட்டுவிட்டும் வந்தார். அடுத்த படத்தை மாட்டியாகிவிட்டதாம். “கலாஸ், பாய்,” முடிந்துவிட்டது என்றார் தணிந்த குரலில்.

அதன்பின் இயக்குநரின் தொலைபேசியை எவரும் எடுக்கவில்லை. அவர் மறுபடியும் படம் எடுக்கவில்லை; அந்தப் படம் ‘சிடி’யாகவும் வரவில்லை. இன்று சவூதியிலேயே திரையரங்குகள் வந்துவிட்டன. அந்தப் பஹ்ரைன் அரங்கு இருந்த இடத்தில் வண்டிகள் நிற்கின்றன.

அன்று பாலத்தில் எங்கள் வண்டி நகராமல் நின்றபோது அப்பா கேட்டார்: “பேரு இருந்திருக்கும்லா மக்கா?”

அப்போது பள்ளிப் பேச்சு மேடைகளில் என்னை எவராலும் மடக்க முடியாது. அந்த மேடைக் குரலிலேயே, அடுத்த வண்டிக்காரர் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னேன்:

“நான் எந்த மேடையில ஏறினாலும் சித்தப்பா பேரச் சொல்லிட்டுத்தான் பேசுவேன்ப்பா. கடைசில இல்ல. மொதல்ல.”