செத்த வீட்டில் காணாமல் போன மீன்கள்

போன வருடம் மாரி மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு, வேலணைத் தீவில் சரவணையிலுள்ள எங்கள் வீட்டில் மாமா, அதாவது என் கணவரின் தகப்பனார், காலமானார். நல்ல வயது, பாயில் கிடந்து அழுந்தாத சாவு. ஆனால் அன்று பின்னேரம் நான் விட்ட கண்ணீரில் பாதி மாமாவுக்கானது இல்லை. அதைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு வெட்கம்தான்.

என் கணவர் இருதய சத்திரசிகிச்சை முடிந்து வீட்டோடு இருந்தபோது அவருக்குப் பிடித்த பைத்தியம் மீன்தொட்டி. யாழ்ப்பாணத்துக் கடையொன்றில் நான்கு ஏஞ்சல் மீன்களை வாங்கி, பொலித்தீன் பையை மடியில் வைத்தபடி பஸ்ஸில் வந்து இறங்கினார். தென் அமெரிக்க ஆற்று மீன்களாம். அந்த இனத்தில் ஒன்றையொன்று கடித்துக் குதறுகிறவையும் உண்டாம், இவை சாதுவாம். கதிரையை இழுத்துப் போட்டுத் தொட்டிக்கு முன்னால் இருந்தால் மனுசன் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் எழும்பமாட்டார். ஆனாலும் அந்த மீன்கள் வந்த பிறகுதான் "நான் எத்தினை நாளைக்கோ" என்ற பேச்சை அவர் விட்டார். அதற்காகவே நான் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன், ஒன்றைத் தவிர.

அது தண்ணீர். எங்கள் கிணறு உவர். குளிக்கவும் துவைக்கவும் அது போதும். குடிக்கவும் சமைக்கவும் பவுசர் வண்டியில் வருகிற நல்ல தண்ணீர்தான். தொட்டிக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் தரும்படி அவர் கெஞ்சுவார். "மனுசருக்கே காணாது, மீனுக்கு நல்ல தண்ணியோ?" என்று வாயை அடைத்துவிடுவேன். பாவம், கிணற்றுத் தண்ணீரையே விட்டுச் சமாளித்தார்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. ஆண்கள் பிரேதத்தை எடுத்துக்கொண்டு வாசல் படலையைத் தாண்டியதும், வீட்டில் இருக்கும் பெண்கள் பாத்திரங்களிலுள்ள தண்ணீரையெல்லாம் வெளியே ஊற்றி, வீட்டைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். சாவு நடந்த வீட்டுத் தண்ணீருக்குத் துடக்கு, அதாவது தீட்டு, உண்டு. அழுது களைத்து அறைக்குள் படுத்திருந்த நான் எழும்பி வந்து பார்த்தால், தொட்டி இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. தொட்டியோ முற்றத்து வேம்பின் கீழ் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

வேம்படிச் சேற்றைக் கையால் கிளறிப் பார்த்தேன். ஒன்றையும் காணவில்லை. வேலியில் இரண்டு காகங்கள் இருந்தன. வீடு கழுவின பெண்களைக் கேட்டால், "தண்ணியெல்லாம் ஊத்தச் சொல்லித்தானே சொன்னவை" என்றார் ஒருவர். "மீனோ? நான் காணேல்லை" என்றார் இன்னொருவர். இன்னும் கொஞ்ச நேரத்தில் இவர் வந்துவிடுவார். தகப்பனுக்குக் கொள்ளி வைத்துவிட்டு வருகிற மனுசனுக்கு, வெட்டித் தைத்த நெஞ்சோடு இருக்கிறவருக்கு, இதை எந்த வாயால் சொல்வது? அங்கேயே இருந்து அழத் தொடங்கிவிட்டேன். ஒரு மாமி ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து, "அழாதை பிள்ளை, அவர் நல்லாய் வாழ்ந்திட்டுத்தானே போனவர்" என்றார்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு அக்கா குசினி வாசலில் நின்று கையைக் காட்டிக் கூப்பிட்டா. வாய்க்காரி. மீன்கள் வந்த அன்றே வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "கறிக்கும் ஆகாத மீனுக்கு இவ்வளவு எடுப்போ?" என்று கேட்டவ. உள்ளே போனதும் கதவைச் சாத்தினா. அன்று அடுப்பு மூட்டாத குசினி. மூலையில் எங்கள் பெரிய சருவப் பாத்திரம், மேலே மூடியாக அரிசி புடைக்கிற சுளகு. சுளகைத் தூக்கிக் காட்டினா. நான்கு மீன்களும் உள்ளே மெதுவாகச் செட்டையை அசைத்துக்கொண்டு நின்றன.

"தண்ணிக்குத் துடக்கெண்டுதான் சொல்லிச்சினம். மீனுக்கெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. அதுதான் எடுத்து வைச்சனான்."

"என்ன தண்ணியக்கா விட்டனீங்கள்?"

"எங்கட வீட்டு நல்ல தண்ணிதான். வந்த சனத்துக்கெல்லாம் நல்ல தண்ணி குடுக்கிறம், இதுகளும் எங்கையோ இருந்து வந்ததுகள்தானே." பிறகு குரலைத் தாழ்த்தினா. "பாதி பழைய தண்ணியும் கிடக்கு. மிளகாய்க்கண்டு பிடுங்கி நடேக்கையும் பழைய மண்ணோடதானே நடுறம். ஆருக்கும் சொல்லிப்போடாதையும். பிறகு வீட்டைத் திருப்பிக் கழுவச் சொல்லுவினம்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது.

ஆண்கள் வந்து கிணற்றடியில் குளித்தார்கள். இவர் ஈர வேட்டியோடு உள்ளே வந்து, தொட்டி இருந்த இடத்தைப் பார்த்தார். நான் உடனே அவர் கையைப் பிடித்துக் குசினிக்குள் கூட்டிப்போய்ச் சுளகைத் தூக்கினேன். அவர் சருவத்தடியில் குந்தினார். தீன் போடப்போகிறார் என்று நினைத்தோ என்னவோ, நான்கும் மேலே வந்தன. காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுசன் அப்போது வாய்விட்டு அழுதார். அழட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தப் பாரம் இறங்கியதில் எனக்கும் மூச்சு வந்தது.

இப்போது தொட்டித் தண்ணீர் மாற்றுகிற நாளில் நல்ல தண்ணீர்க் குடத்தை நானே தூக்கிக்கொண்டு போய் வைக்கிறேன். அக்கா இன்றைக்கும் வேலிக்கு மேலால் "கறிக்கும் ஆகாத மீன்" என்றுதான் சொல்லுகிறா. அதைக் கேட்கும்போதெல்லாம், நாங்கள் எல்லோரும் போன உயிருக்காக அழுதுகொண்டிருந்த வீட்டில், இருக்கிற உயிர்களைத் தேடித் தன் வீட்டுக் குடிதண்ணீரைத் தூக்கிக்கொண்டு வர ஒருத்திக்கு மனம் இருந்ததே என்று என் நெஞ்சு இன்றும் நிறைந்துபோகிறது.