துரையின் நெற்றியில் வைத்த பொட்டு

அந்தப் படத்துக்குக் கண்ணாடி கிடையாது என்பது எனக்குத் தெரியாது. நான்கு வருடமாக அந்த வாசகசாலையைக் கூட்டிப் பெருக்கியவளுக்கு இதுகூடவா தெரியாது என்று கேட்பீர்கள். கம்பில் துணியைக் கட்டிக் கீழே நின்று தூசி தட்டுவதோடு சரி. அந்த உயரத்துக்கு என் கை எட்டியதே இல்லை.

கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கினால் நடந்தே போய்விடலாம், அவ்வளவு பக்கம். கணவர் போனபிறகு நாகர்கோவிலிலிருந்து மகளோடு திருவனந்தபுரம் வந்து சேர்ந்தேன். ஆறாம் வகுப்போடு நின்றவள். கிடைத்தது இந்த வேலை. வேலை தற்காலிகம். கட்டிடத்தின் பின்னால் தங்க ஓர் அறை. வேலை போனால் அறை போகும், அறை போனால் மகளின் பள்ளிக்கூடம் போகும். தினமும் பல் தேய்க்கும்போதே இதை ஒருமுறை நினைத்துக்கொள்வேன். நினைக்காத நாளில் ஏதாவது நடந்துவிடும் என்று ஒரு பயம்.

படத்தில் இருந்தவர் வெள்ளைக்கார அதிகாரி. சிவப்புக் கோட்டு, கையில் சுருட்டிய வரைபடம், முதுகுக்குப் பின்னால் மலை. பொன்முடிக்கு அப்பால் ஆள் போகாத காடெல்லாம் ஏறி அளந்தவராம். வாசல் காவலுக்கு இருந்த திருநெல்வேலி அண்ணாச்சி சொன்னார். எந்த மூலையைக் கூட்டினாலும் துரை என்னையே பார்ப்பார். அங்கே குப்பை கிடக்கிறது பார் என்று சொல்வதுபோல இருக்கும்.

அந்த வருடம் துரையின் வம்சத்தில் வந்த ஓர் அம்மாள் இங்கிலாந்திலிருந்து படத்தைப் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. செயலாளர் சுவருக்கு வெள்ளையடிக்கச் சொன்னார். படத்தை இறக்கி பெஞ்சில் சாய்த்து வைத்தார்கள். அதே வாரம் சரஸ்வதி பூஜை.

எங்கள் பக்கத்தில் பூஜைக்கு முந்தைய நாள் வீட்டில் பொட்டு வாங்காத பொருள் இருக்காது. அரிவாள்மணை, சைக்கிள், சாமி படம், செத்தவர்கள் படம், எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிடுவோம். வாசகசாலையிலும் அப்படித்தான் செய்துவந்தேன். அலமாரிகள், டைப்ரைட்டர், கீழ்வரிசையில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த பழைய தலைவர்கள். அதே ஓட்டத்தில் துரையின் நெற்றியிலும் வைத்தேன்.

விரல் பட்டபிறகுதான் தெரிந்தது. கண்ணாடியின் சில்லிப்பு இல்லை; துணியில் தீட்டிய படம். நெற்றி கொஞ்சம் உள்ளே போய்த் திரும்பி வந்தது, தோல் மாதிரி.

ஈரத்துணியால் துடைத்தேன். குங்குமம் புருவம்வரை இழுகியது. துணி துவைக்கும் சோப்பைத் தொட்டுத் துடைத்தேன்; இன்னும் சிவந்தது. மஞ்சளில் செய்த குங்குமம் சோப்பு பட்டால் சிவக்கும் என்று தெரியாதவளா நான்? புத்தி வேலை செய்யவில்லை. துணியைத் திருப்பிப் பார்த்தேன். தவிட்டு நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. அது பழைய அழுக்கா, துரையின் முகமா?

அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"என்ன தங்கச்சி, துரைக்கு மொட்டையடிச்சிக் காதுகுத்தாமப் போனியே!"

"சிரிக்காதீங்க அண்ணாச்சி. இப்பம் என்ன செய்யட்டும்? என்னைய வெளியில தள்ளிருவாங்க. புள்ளைய வச்சிக்கிட்டு எங்க போவேன்?"

"சத்தம் போடாத. ஒரு மாலை வாங்கிட்டு வாரேன். புருவத்துக்கு மேல எறக்கிப் போட்டுருவோம். செத்தவருக்கு மாலை போட்டா எவன் கேப்பான்?"

புதிதாக வெள்ளையடித்த சுவரில் துரை செவந்தி மாலையோடு ஏறினார். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பழைய துணிகளை மூட்டை கட்டி வைத்தேன், பிறகு அவிழ்த்தேன், மறுபடி கட்டினேன். மகள் கேட்டதற்குச் சலவைக்கு என்றேன்.

அந்த அம்மாள் வந்தார். எழுபது வயதிருக்கும், கழுத்தில் காமிரா. படத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். செயலாளர் ஸ்டூலில் ஏறி மாலையை ஒதுக்கினார். முகம் முழுதாகத் தெரிய வேண்டுமாம். நான் கதவுக்குப் பின்னால் துடைப்பத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

செயலாளர் அப்படியே நின்றுவிட்டார். அவர் கழுத்து சிவப்பதைப் பின்னாலிருந்து பார்த்தேன். திரும்பி, நிதானமாக, நீளமாக ஆங்கிலத்தில் பேசினார். அம்மாள் தன் நெற்றியைத் தொட்டுக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. நிறைய போட்டோ எடுத்தார்.

அண்ணாச்சி என் காதருகே வந்தார். "வருசாவருசம் இவருக்குப் பொட்டு வைக்கது இங்க வழக்கம்னு அடிச்சி விட்டுட்டாரு, தங்கச்சி."

கார் போனபிறகு செயலாளர் என்னைக் கூப்பிட்டார். பாதி மலையாளம், பாதி தமிழ்தான் அவர் பேச்சு; வருடத்தைக் கொல்லம் என்பார்.

"இது கண்ணாடி இல்லாத்த படமாணு. நாலு கொல்லமாயிட்டு அதுகூட அறியில்லையா?"

"தெரியாமச் செய்துட்டேன் சாரே."

"அவங்க கொல்லந்தோறும் போட்டோ அனுப்பச் சொல்லியிருக்காங்க. இனி எல்லாக் கொல்லமும் வைக்கணும்."

"அப்ப அடுத்த வருசமும் நான் இருப்பேனா சாரே?"

"பின்னே யாரு வைக்கும்? நானோ?"

மூட்டையை அவிழ்த்தேன். வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு மட்டும் வரவேயில்லை. ஒவ்வொரு பூஜைக்கும் செயலாளர் ஒரு போட்டோக்காரரைக் கூட்டிவருவார். நான் ஸ்டூலில் ஏறி, முடிந்தவரை மெதுவாக, நகம் படாமல் பொட்டு வைப்பேன். பிறகு தண்ணீர் படாமல் பஞ்சால் ஒற்றி எடுப்பேன். ஆனாலும் மூன்றாம் வருடம் காய்ந்த சந்தனத்தோடு சாயமும் ஒரு துணுக்கு பெயர்ந்து வந்தது. உள்ளே வெறும் துணி தெரிந்தது. சோற்றுப் பருக்கையை மசித்து அதை ஒட்டிவைத்தேன். மறுவருடம் அதுவும் போய், பக்கத்தில் இன்னொன்றும் போனது. செயலாளரிடம் சொல்லவில்லை. சொன்னால் பொட்டு வேண்டாம் என்பார். பொட்டு வேண்டாமென்றால் நான் எதற்கு?

மகள் பத்தாவது முடிக்க அப்போது இன்னும் இரண்டு வருடம் இருந்தது. ஆளில்லாத மத்தியானத்தில் ஸ்டூலில் ஏறி நின்று, துரையின் நெற்றியில் பெயராத இடம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று தொடாமல் விரலை நீட்டி அளந்து பார்த்தேன்.