கோவளத்தில் மீனுக்குக் காத்திருந்த மதியம்

கோவளம் கடற்கரையில், படகுகளுக்குப் பின்னால் நான்கே பெஞ்சு போட்ட சாப்பாட்டுக் கடை. பெயர்ப்பலகை கிடையாது. கல்பாக்கத்தில் வேலை பார்க்கும் நண்பன் சொல்லி வந்திருக்கிறேன். மணி ஒன்று. சோறு வடித்தாகிவிட்டது, குழம்புச் சட்டி காலியாக இருக்கிறது.

"மீன் இல்லையாக்கா?" என்கிறேன்.

"எங்க வூட்டுக்காரரோட படகு வரணும் சார். பத்து மணிக்கே வந்திருக்கணும். போனும் எடுக்கல," என்கிறார் கடைக்கார மேரியக்கா, கடலைப் பார்த்தபடியே.

மூன்று மணிக்கு நான் மாமல்லபுரத்தில் இருக்க வேண்டும். கிளம்ப எழுகிறேன்; மனம் வராமல் உட்காருகிறேன். மறுபடி எழுகிறேன். பெஞ்சில் இருக்கும் மீனவர்களும் சாப்பாடு கேட்காமல் கடலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒன்றேமுக்காலுக்கு, என்ஜின் நின்றுபோன நீலப் படகு ஒன்றை இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வருகிறது. மேரியக்காவின் கணவர் அதிலிருந்து இறங்கி வருகிறார். மேரியக்கா கூடையை வாங்கி மீனை ஆய்கிறார்.

"கொழம்பு ஆவ அரமணியாவும். உங்களுக்கு லேட்டாய்டுமே சார்?"

"ஆகட்டும்க்கா."

குழம்பு இறங்கியதும் முதல் தட்டு கணவருக்குப் போகிறது.

"துன்னு," என்கிறார் மேரியக்கா. வந்ததிலிருந்து அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.