பல் வைத்த பூதம்

அப்போது நான் திருப்பதியில் ஒரு பல் லேபில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே டாக்டர் அளவெடுப்பார், மாடியில் நான் பல்செட் செய்வேன். தெருவுக்குத் தெரு தனியார் ஆஸ்பத்திரி முளைத்த காலம். வேலைக்குப் பஞ்சமில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் என் அறையில் கூடுவார்கள். சாஃப்ட்வேர் வேலைக்கு அமெரிக்கா போயிருந்தவன் ஒருத்தன் லீவில் வந்தபோது எங்களுக்கு ஒரு விளையாட்டைக் கற்றுக்கொடுத்திருந்தான். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அதற்குள் வீரர்களாகப் புகுந்து சண்டை போடவேண்டும். வெட்டு விழுந்ததா இல்லையா என்பதைத் தாயக்கட்டை சொல்லும். பூதம் வருகிற இடத்தில் செஸ் காய் ஒன்றை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம். அந்த வாரம் கதை சொல்லும் முறை என்னுடையது. பாழுங்கிணற்றில் குடியிருக்கிற, உடம்பெல்லாம் வாயான ஒரு பூதத்தை நானே செய்துவிடலாம் என்று ஆசை வந்தது.

உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி மெழுகில் பிடித்தேன். ஜோடி சேராமல் மிஞ்சிக் கிடந்த பற்களை அதன் வாய்களில் பதித்தேன். அதைக் கெட்டிப் பொருளாக்க, பல்செட்டைப் போலவே பித்தளை அச்சுப்பெட்டிக்குள் பிளாஸ்டரில் புதைத்து, மெழுகை உருக்கி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அக்ரிலிக்கை அடைத்து வேகவைக்க வேண்டும். பிறகு தானாக ஆறவேண்டும். லேபில் உருப்படியாக இருந்தது ஒரே பெட்டிதான். அந்த வெள்ளிக்கிழமை அதற்குள் போகவேண்டியிருந்தது புத்தூர்ப் பக்கத்து அம்மா ஒருவரின் பல்செட். ஞாயிறு காலை அவர் மகளுக்குக் கல்யாணம். குவைத்திலிருந்து வந்திருந்த மகன்தான் அம்மாவுக்குப் பல் கட்டச் சொல்லியிருந்தான்.

நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பூதத்தை உள்ளே வைத்தேன்.

சனிக்கிழமை அந்த அம்மாவின் செட் வெந்துகொண்டிருக்கும்போது பூதத்துக்கு வண்ணம் பூச உட்கார்ந்தேன். முதலில் பாசிப்பச்சை எனாமல். கறுப்பைத் தின்னரில் நீர்க்கக் கரைத்து மடிப்புகளில் ஓடவிட்டு, மேடான இடங்களைத் துணியால் துடைத்தேன். ஈறுகளுக்கு நெயில் பாலிஷ். பார்த்தால் எச்சில் ஊறியது போலிருந்தது. நிமிர்ந்தபோது அந்த அம்மாவும் மகனும் செட்டை வாங்க வருகிற நேரமாகிவிட்டது. ஆறவிடப் பொழுதில்லை. கொதிக்கிற பெட்டியை அப்படியே பச்சைத் தண்ணீரில் போட்டேன். திறந்து பார்த்தால் மேல்செட் நடுவில் விரிசல்.

படியேறி வந்தவர்களிடம், "கரண்ட் இல்லம்மா, வேலை முடியல" என்றேன்.

"போட்டோக்காரரு காலையிலயே வந்துடுவாரு" என்றான் மகன். "அம்மா சிரிச்சிக்கினு இருக்கறமாரி ஒண்ணு எடுத்துக்கினு போலாம்னு இருந்தேன்."

அந்த அம்மா அவனை அடக்கினார். "கரண்ட்டு போனா அந்தப் புள்ள என்னாடா பண்ணும்?" என்றவர் என் பக்கம் திரும்பி, "நீ மனச கஷ்டப்படுத்திக்காத நைனா" என்றார். நலங்குக்கு நேரமாகிறதென்று கிளம்பிவிட்டார்கள். திட்டியிருந்தால்கூட எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

விரிசலுக்கு ஒட்டுப்போட்டு, ஞாயிறு காலை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். வழியில் டயர் பஞ்சர். நான் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடித்து, மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. பல் இல்லாமலேயே போட்டோ எல்லாம் எடுத்தாகிவிட்டது. வாயை முந்தானையால் மூடிக்கொண்டு அந்த அம்மா வந்தார். செட்டைப் போட்டுப் பார்த்து, "இந்தப் பக்கம் குத்துது" என்றார். அரம் எடுக்கப் பையைத் திறந்தேன். திரும்பியதும் அறையில் விளையாடலாமென்று லேபிலிருந்தே பூதத்தையும் அதில் போட்டிருந்தேன். அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"இது என்னா?"

"விளையாட்டுக்கும்மா. நான் செஞ்சது."

கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பல்லு எவ்ளோ அழகா வெச்சிருக்க! எப்ப செஞ்ச?"

பொய் வாய்வரை வந்தது. "வெள்ளிக்கிழமை. உங்க செட்ட வைக்கவேண்டிய பெட்டியில இத வெச்சிட்டேன். கரண்ட் இருந்துச்சும்மா."

அவர் பூதத்தை என் பைக்குள் திரும்ப வைத்தார். நான் ராவிக் கொடுத்த செட்டை மாட்டிக்கொண்டார். "துன்னுட்டுப் போ" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். இலையில் உட்கார்ந்தேன், என்ன சாப்பிட்டேனென்று ஞாபகமில்லை.

மத்தியானம் நண்பர்கள் பூதத்தைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். கதையைப் பாதியில் நிறுத்தி, தலைவலி என்று படுத்துக்கொண்டேன்.

மகன் குவைத்துக்குத் திரும்பிய பிறகு, ஈறு வலிக்கிறதென்று அந்த அம்மா லேபுக்கு வந்தார். சரிசெய்து கொடுத்துவிட்டு, "ஸ்டுடியோவில ஒரு போட்டோ எடுத்து குவைத்துல இருக்கற அண்ணனுக்கு அனுப்பலாம்மா" என்று கெஞ்சி அழைத்துப் போனேன். நன்றாகவே சிரித்தார். தபாலில் அனுப்பினோம்.

அடுத்த முறை வந்தபோது, கிடைத்ததா என்று கேட்டேன்.

"வந்துச்சாம். நல்லாகீதுன்னான். ஆனா செவுத்துல கல்யாண போட்டோவத்தான் மாட்டிக்கினானாம். அதுல தங்கச்சி இருக்குதுல்ல" என்றார்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் பிளாஸ்டரைக் குழைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.