விமானத்தில் எத்தனை பேர்

ஒரு ஜனவரி மாதம் ஒஸ்லோவுக்கு வந்து சேர்ந்தேன். கோயம்புத்தூரில் பம்புகளுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவன். அதே மாதிரி வேலைக்கு இங்கே ஒரு நிறுவனம் கூப்பிட்டது. முப்பத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை, போகாமல் இருக்க ஒரு காரணமும் இல்லை. இங்கே தங்க எனக்குக் கிடைத்த அனுமதி அந்த வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் ஆறு மாதத்துக்குள் அதே தரத்தில் இன்னொன்று தேடிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கிளம்ப வேண்டும். மூன்று வருடம் தாக்குப்பிடித்தால் நிரந்தர உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். மூன்று வருடம் ஒரு பெரிய விஷயமா என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஒஸ்லோவின் கிழக்கு ஓரம் எல்லிங்ஸ்ருடில், யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் வீட்டில், நிலத்துக்குக் கீழே பாதி இறங்கிய ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. வீட்டுக்காரரை அண்ணன் என்று கூப்பிடுவேன், பேருந்து ஓட்டுபவர். அவர் மனைவியை அக்கா என்பேன், மருத்துவமனையில் நர்ஸ். அவர்களுக்கு இரண்டு பெண்கள். என் அறையின் ஒரே ஜன்னல் வெளியே தரை மட்டத்தில் இருந்தது. பனி விழுந்தால் பாதி ஜன்னல் மூடிவிடும். காலை எட்டு மணிக்கு இருட்டில் சுரங்க ரயிலுக்கு நடப்பேன். ஐந்து மணிக்கு இருட்டில் திரும்பி வருவேன். சனி, ஞாயிறு மட்டும்தான் வெளிச்சம் பார்த்தேன், அதுவும் மேகம் விட்டால்.

அக்கா பேசுவது முதலில் பாதிதான் புரிந்தது. நான் பேசுவது சினிமாவில் கதைப்பது போல இருக்கிறது என்று அவருடைய பெண்கள் சிரித்தார்கள். அவர்கள் தமிழில் ஆரம்பித்து நோர்வேஜிய மொழியில் முடிப்பார்கள். எனக்கு இரண்டிலும் பாதி விட்டுப்போகும்.

பறப்பது தற்செயலாக வந்தது. அலுவலகத்தில் என் எதிர் மேசைக்காரர் ஒரு நோர்வேக்காரர், என் வயதுதான் இருக்கும், அதிகம் பேசாதவர். அந்த முதல் கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை, நாளைக்கு என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். மறுநாள் ஒஸ்லோவுக்கு வடக்கே ஒரு மணி நேரம் தள்ளி, உருளைக்கிழங்கு வயல்களுக்கு நடுவில் இருந்த சிறிய ஓடுபாதைக்கு என்னைக் கூட்டிப்போனார். அங்கே ஒரு பறக்கும் கிளப் இருந்தது. தகரக் கொட்டகைக்குள் இரண்டு பேர் உட்காரும் விமானம். கதவைச் சாத்தினால் ஆட்டோ கதவு போல டப்பென்று சத்தம் வரும். அவர் என்னை மேலே கொண்டுபோய், ஆயிரம் மீட்டரில் கைப்பிடியை என்னிடம் விட்டார். வலது பக்கம் சாய்த்தேன், பூமி மொத்தமும் சாய்ந்தது. இறங்கிய பிறகும் விமானத்தை விட்டு நகராமல் அதன் இறக்கையைத் தொட்டுக்கொண்டு நின்றேன். அவர் அதைப் புரிந்துகொண்டவர் போல, பயிற்சிக்குச் சேரும் படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

இரண்டு கோடைகள் அதிலேயே போயின. வானிலை படிக்கக் கற்றேன். ரேடியோவில் பேசக் கற்றேன். காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது மூக்கைக் கோணலாக வைத்து இறங்கக் கற்றேன். இரண்டாம் கோடையின் முடிவில் உரிமம் வந்தது. வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அப்பா, இதெல்லாம் எதுக்குப்பா, முதல்ல ஒரு இடத்துல காலூன்று என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் கால் தரையில் இல்லாத அந்த ஒரு மணி நேரத்தில்தான் இந்த நாட்டில் நான் நிம்மதியாக இருந்தேன். கீழே ஏரிகளும் காடுகளும் சாலைகளும் ஒழுங்காக இருக்கும். யாருடைய மொழியும் எனக்குத் தேவைப்படாது.

அந்த வருடம் குளிர்காலம் தொடங்கும்போது, நான் எதற்காக வந்தேனோ அந்தத் திட்டத்தை நிறுவனம் நிறுத்திவிட்டது. என்னை வெளியே அனுப்பவில்லை. பழைய மென்பொருள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் போட்டார்கள். தினமும் மூன்று மணி நேரம்கூட வேலை இருக்காது. மற்றவர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்தார்கள். நான் மட்டும் அலுவலகத்துக்குப் போய், யாரும் இல்லாத மாடியில் உட்கார்ந்திருப்பேன், வீட்டில் அந்த ஜன்னலைப் பார்க்க வேண்டாமே என்று. வேறு இடங்களுக்கு விண்ணப்பித்தேன். எல்லோரும் நோர்வேஜிய மொழி நன்றாகத் தெரியுமா என்று கேட்டார்கள். விட்டுவிட்டு ஊருக்குப் போகலாம் என்றால், இன்னும் ஒரு வருடம்தானே, அதையும் முடித்துவிடு என்று உள்ளே ஏதோ சொல்லும்.

எப்போது தொடங்கியது என்று சொல்லத் தெரியவில்லை. முதலில் சமைப்பது நின்றது. பிறகு தொலைபேசியை எடுப்பது. அம்மா பேசும்போது தலையாட்டிக்கொண்டிருப்பேன், அது அவளுக்குத் தெரியாது என்பதுகூட உறைக்காது. கோடை வந்தது, பறந்தேன், கொஞ்சம் சரியானது. மூன்றாவது இலையுதிர்காலம் வந்தபோது பறப்பதும் அந்த அறைக்குள்ளேயே நடப்பது போல ஆகிவிட்டது.

எங்கள் கிளப்பின் கதவில் ஓர் அட்டை ஒட்டியிருக்கும். பறப்பதற்கு முன் விமானி தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் அதில் இருக்கும். காய்ச்சல் உண்டா, மருந்து எடுக்கிறாயா, தூங்கினாயா, மனம் சரியாக இருக்கிறதா. அந்தக் கடைசிக் கேள்வியை நான் படிக்காமல் கதவைத் திறந்துகொண்டு போவேன். சரியில்லை என்றால் பறக்கக் கூடாது. மருத்துவரிடம் போனால் அதை, விமானிகளுக்கு உடல் தகுதிச் சான்றிதழ் தரும் விமான மருத்துவருக்கும் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் சான்றிதழை நிறுத்திவைப்பார்கள். என்னை மூச்சுவிட வைத்துக்கொண்டிருந்தது பறப்பது ஒன்றுதான் என்று நம்பினேன். அதனால் மருத்துவரிடம் போகவில்லை.

அக்டோபர் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் அக்கா கீழே வந்து கதவைத் தட்டினார். கையில் மூடிய தட்டில் புட்டும் மீன் குழம்பும். உள்ளே வரச் சொன்னேன். அறையை ஒரு முறை பார்த்தார். தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, உங்களுக்கு என்ன வருத்தம்?"

"வருத்தமெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. நல்லாத்தான் இருக்கேன்."

"நான் நோயைக் கேக்கிறன். நாங்கள் வருத்தம் எண்டு சொல்லுறது அதைத்தான். மூண்டு கிழமையா நீங்கள் யன்னல் சீலையை இழுக்கேல்லை."

மூன்று வாரமாக நான் ஜன்னல் திரையை விலக்கவில்லை, உண்மைதான். எங்கள் பக்கம் வருத்தம் என்றால் மனசு கஷ்டப்படுவது என்று சொன்னேன்.

"அப்ப ரெண்டையும் சேர்த்துச் சொல்லுங்கோ," என்றார்.

சொல்ல முயன்றேன். கோர்வையாக வரவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். மருத்துவமனையில் இப்படி நிறையப் பேரைப் பார்த்திருப்பார் போல. முடிந்ததும், மருத்துவரிடம் நேரம் எடுத்துத் தருகிறேன், கூட வரவும் செய்வேன் என்றார். போனால் பறக்க விட மாட்டார்கள் என்றேன். பறக்காவிட்டால் என்ன என்று கேட்டார்.

"அது இல்லேன்னா எனக்கு இங்க வேற ஒண்ணுமே இல்லக்கா."

அவர் தட்டை என் பக்கம் நகர்த்தினார். தனியாகப் பறப்பதில்லை என்று மட்டும் வாக்குக் கொடுக்கச் சொன்னார். சரி என்றேன். பொய்தான் சொல்கிறேன் என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. அதற்கு முன் பதினொரு நாள் சூரியனே இல்லை. அன்று எங்கள் ஓடுபாதையின் மேல் வானம் நீலமாக இருந்தது. தாழ்வான இடங்களிலும் ஆற்றங்கரையிலும் மூடுபனி கிடந்தது. பதினொரு மணிக்குள் கரைந்துவிடும் என்று வானிலை அறிக்கை சொன்னது. கிளப்பில் யாரும் இல்லை. பத்தே காலுக்குக் கிளம்பினேன்.

மேலே போனதும் கீழே மூடுபனி வெள்ளையாகப் படர்ந்து கிடந்தது, அதற்குள்ளிருந்து குன்றுகளின் தலை மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. மியோசா ஏரி இருக்க வேண்டிய இடத்தில் ஏரி இல்லை. வெயில் கண்ணாடி வழியாக என் மடியில் விழுந்தது. கையுறையைக் கழற்றி விரல்களை அதில் வைத்துக்கொண்டேன். அரை மணி நேரம் வடக்கே பறந்துவிட்டுத் திரும்பினேன். மூடுபனி கரையவில்லை. வளர்ந்திருந்தது. எங்கள் ஓடுபாதை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வட்டம் அடித்தேன், இன்னொரு வட்டம் அடித்தேன். கீழே ஒரு பிளவுகூட இல்லை.

எனக்கு மேகத்துக்குள் பறக்கும் பயிற்சி கிடையாது. எதுவும் தெரியாத வெள்ளைக்குள் இறங்கினால், எது மேல் எது கீழ் என்று சில நிமிடங்களில் உடம்பு மறந்துவிடும் என்று படித்திருக்கிறேன். எரிபொருள் ஒன்றேகால் மணி நேரத்துக்கு இருந்தது. அப்போது எனக்கு நெஞ்சு அடித்திருக்க வேண்டும், உள்ளங்கை வேர்த்திருக்க வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை. மிக அமைதியாக இருந்தேன். இங்கேயே சுற்றிக்கொண்டிருக்கலாம், வெயில் நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றியது. சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. இறங்க வேண்டும் என்பதற்கு ஒரு காரணமும் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். நான் மூன்றாவது வட்டத்தை அடித்துக்கொண்டிருந்தேன், கை தானாகவே சாய்த்துக்கொண்டிருந்தது.

ரேடியோவில் ஒரு பெண் குரல் என் விமானத்தின் எழுத்துகளைச் சொல்லிக் கூப்பிட்டது. விமானக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து. ஒரே இடத்தில் சுற்றுவதைத் திரையில் பார்த்திருக்கிறார். முதல் முறை நான் பதில் சொல்லவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டார், குரலில் அவசரம் இல்லை. கூப்பிட்டால் பேசாமல் இருக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான். அந்தப் பழக்கம்தான் பொத்தானை அழுத்தியது என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் பேசலாமா என்று கேட்டேன். அவர் உடனே ஆங்கிலத்துக்கு மாறினார்.

கீழே இறங்க இடமில்லை என்றேன். எரிபொருள் எத்தனை நிமிடத்துக்கு என்று கேட்டார். சொன்னேன். அடுத்து, விமானத்தில் எத்தனை பேர் என்று கேட்டார். வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். விபத்து நடந்தால் எத்தனை பேரைத் தேட வேண்டும் என்று தெரிவதற்காக. பயிற்சியில் பல முறை பதில் சொல்லியிருக்கிறேன். அன்று ஒருவர் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அந்த ஒருவனைத் தேட ஆள் வருவார்கள், அவன் எண்ணிக்கையில் இருக்கிறான் என்பது அப்போதுதான் உள்ளே இறங்கியது. கூடவே பயமும் வந்தது, எரிபொருள் முள்ளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இப்போது நினைத்தால் அந்தப் பயத்துக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

ஒருவர் என்றேன்.

அதற்குப் பிறகு அவர் என்னை விடவில்லை. கிழக்கே சுவீடன் எல்லைப் பக்கம் காடு மேடாக இருக்கிறது, அங்கே தெளிவாக இருப்பதாக இன்னொரு விமானி சொன்னார், இந்தத் திசையில் போ என்றார். நாற்பது நிமிடம் போனேன். சில நிமிடங்களுக்கு ஒரு முறை ஏதாவது கேட்டார், உயரம், வேகம், கீழே என்ன தெரிகிறது. கடைசியில் பைன் மரங்கள் தெரிந்தன, அவற்றுக்கு நடுவே புல் ஓடுபாதை ஒன்று. இரண்டு முறை துள்ளி இறங்கினேன். இன்ஜினை நிறுத்திவிட்டு, பெல்ட்டைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தேன். டிராக்டரில் ஒருவர் வந்தார். என் முகத்தைப் பார்த்தார். குடுவையிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார்.

விமானத்தை அங்கேயே விட்டுவிட்டு, பேருந்தும் ரயிலும் மாறி வீடு வந்தேன். மறுநாள் மத்தியானம் படியேறி மேலே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். டாக்டரிடம் நேரம் எடுத்துத் தரச் சொன்னேன். கத்தியை வைத்துவிட்டு உட்காரச் சொன்னார். நடந்தது முழுவதையும் சொன்னேன், வாக்கை மீறியதையும் இறங்கத் தோன்றாததையும் சேர்த்து. கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"இறங்கினீங்கள்தானே," என்றார். வெங்காயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடியும் அதையே சொன்னார்.

மருத்துவர் மெதுவாகக் கேட்டார், மெதுவாக எழுதினார். மாத்திரை கொடுத்தார், வாரம் ஒரு முறை பேச ஓர் ஆளையும் ஏற்பாடு செய்தார். விமான மருத்துவருக்கு நானே எழுதினேன், மூன்று வரி. அன்றைக்கே பதில் வந்தது: சான்றிதழ் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. எதிர் மேசைக்காரருக்குச் சொன்னபோது அவர், எழுதியது நல்லது என்று மட்டும் சொன்னார். பிறகு ஒரு சனிக்கிழமை பயிற்சியாளர் ஒருவரோடு போய் விமானத்தை எடுத்துவந்தார்.

அந்தக் குளிர்காலம்தான் எல்லாவற்றிலும் கடினமானது. பேசினால் சரியாகிவிடும் என்று எங்கேயோ நம்பியிருந்தேன் போல. பேசிவிட்டேன், ஆனால் அதே வேலை, அதே ரயில், அதே அறை, பறப்பதும் இல்லை. மருத்துவ விடுப்பு எடுத்தால் அனுமதிக்கு ஆபத்து வருமோ என்று தூங்காமல் கிடந்தேன். எடுத்தபோது அப்படி ஒன்றும் வரவில்லை. ஜனவரியில் அக்காவின் மூத்த பெண் படிக்கப் பேர்கன் நகரத்துக்குப் போனாள். அவளுடைய மேல் மாடி அறையை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அடுத்தவர் பிள்ளையின் அறை என்று ஒரு மாதம் தயங்கிவிட்டுப் போனேன். அங்கே பெரிய ஜன்னல். காடு தெரியும். அது உதவியது, நான் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை.

மூன்று வருடம் முடிந்துவிட்டது, நிரந்தர உரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறேன், பதில் வரவில்லை. மாத்திரை குறைந்திருக்கிறது. அது முழுதாக நின்று, அதற்குப் பிறகும் பல மாதம் நான் சரியாக இருந்தால்தான் சான்றிதழைப் பற்றிப் பேசுவோம் என்று விமான மருத்துவர் சொல்லியிருக்கிறார். சில சமயம் அவர் மேல் கோபம் வருகிறது. அவர் செய்வது சரி என்று தெரிந்த பிறகும் வருகிறது.

கிளப்புக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. எரிபொருள் நிரப்புகிறேன், கொட்டகையைப் பெருக்குகிறேன், ரேடியோ முன்னால் உட்காருகிறேன். போன சனிக்கிழமை புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் முதல் முறை தனியாகப் பறக்கப் போனாள். நீ எப்போது மறுபடி பறப்பாய் என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். நான் சக்கரங்கள் உருளாமல் இருக்க அண்டை கொடுத்திருந்த மரக்கட்டைகளை எடுத்துக்கொண்டு விலகி நின்றேன்.